ஏழாவது முகப்புக் கடிதம்

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியருக்கு,
வணக்கம்.

இதுவரை எழுதிய ஆறு கடிதங்களிலும்
இந்த இடத்தில்தான் பொய் சொல்லத் தொடங்கினேன்.
சிறுவயது முதலே எழுத்தில் ஆர்வம் என்றேன்.
இல்லை. நாற்பத்து நான்கு வயதில்,
நண்டுத் தொழிற்சாலையின் இரவுப் பணியில்,
எடைச் சீட்டின் பின்பக்கத்தில் தொடங்கியது.
பின்பக்கம் காலியாக இருந்தது.
அவ்வளவுதான் காரணம்.

ஊர் போர்வெனீர். நீரிணையின் இந்தக் கரை.
தபால் அந்தக் கரையிலிருந்து போகும்,
காற்று மனது வைத்தால்.

நாவலின் சுருக்கம் ஒரே பக்கத்தில் வேண்டும் என்கிறீர்கள்.
அக்கா, தங்கை. ஒரே வீடு.
ஒரே தையல் இயந்திரம்.
முப்பத்தோரு வருஷம் பேச்சில்லை.
சுருக்கினால் தெருமுனை வம்பு மாதிரி இருக்கிறது.
முடிவையும் மறைக்கக் கூடாதாம். சரி:
ஊசி உடைகிறது.
ஒருத்தி கடைக்குப் போகிறாள்.
இரண்டு ஊசி வாங்கி வருகிறாள்.
இதற்கா முந்நூறு பக்கம் என்றான் ரெமிஹியோ, என் கணவன்.
ஆமாம் என்றேன்.

முதலில் அனுப்பிய இடம்
சமையல் புத்தகம் மட்டுமே போடுவது.
தவறு என்னுடையது;
அவர்கள் அட்டையில் நண்டைப் பார்த்து நம்பிவிட்டேன்.

இரண்டாவது இடம் பதினோரு மாதம் கழித்து
அச்சடித்த சீட்டு அனுப்பியது.
பெயர் எழுத ஒரு கோடு விட்டிருந்தார்கள்.
கோட்டின் மேல் யாரும் எழுதவில்லை.

மூன்றாமவர் போனிலேயே புகழ்ந்தார்,
வாசித்தீர்களா என்று கேட்கத் தோன்றாத அளவுக்கு.
பிறகு ஒரு தொகை சொன்னார்,
ஐந்நூறு பிரதிக்கு, நான் தர வேண்டியது.
கதையும் என்னுடையது காசும் என்னுடையது என்றால்
அட்டையில் உங்கள் முத்திரை எதற்கு ஐயா?
அவரிடம் கேட்கவில்லை.
போனை வைத்த பிறகு சமையலறைக் குழாயிடம் கேட்டேன்.

நான்காவது உறையில் பென்சிலால் ஒரு வரி:
'கதை நாற்பதாம் பக்கத்தில் தொடங்குகிறது.'
கீழே ஈ உட்கார்ந்தது போல ஒரு கிறுக்கல்.

இரண்டு மாதம் அந்த ஆளை வைதேன்.
ஒவ்வொரு நண்டுக் காலை முறிக்கும்போதும் வைதேன்.
அந்த முப்பத்தொன்பது பக்கங்களில்தான்
அப்பா இருந்தார்,
ஆட்டுமயிர் கத்தரிக்கும் கொட்டகை இருந்தது,
நான் எவ்வளவு நன்றாக எழுதுவேன் என்பதற்கான
அத்தாட்சிகள் எல்லாம் இருந்தன.

ஜூலையில் ஓரிரவு குளிர்பதன இயந்திரம் பழுது.
சும்மா உட்கார்ந்திருந்தேன்.
நாற்பதிலிருந்து வாசித்தேன், யாரோ எழுதியதைப் போல.
அக்கா ஜன்னலைச் சாத்துகிறாள்.
தங்கை எழுந்து போய்த் திறக்கிறாள்.
பாவி, சரியாகத்தான் சொல்லியிருக்கிறது அந்த ஈ.

எறிய மனம் வரவில்லை.
முப்பத்தொன்பதையும் நண்டுப் பெட்டியில் வைத்து
பழக்க தோஷத்தில் எடை பார்த்தேன்.
நூற்றுத் தொண்ணூற்றைந்து கிராம்.
அப்பா எண்பது கிலோ இருப்பார்.

ஐந்தாவதும் ஆறாவதும் சொல்லும்படி இல்லை.
ஆறாவதில் பதிப்பாசிரியரின் பெயரைத் தப்பாக எழுதினேன்.
உங்களுடையதை மூன்று முறை சரிபார்த்தேன்.

உங்கள் புத்தகங்கள் இரண்டு நூலகத்தில் கிடைத்தன.
ஒன்று பிடிக்கவில்லை.
மற்றதில் ஒருவன் ஒரு பக்கம் பூராவும் ரொட்டி வெட்டுகிறான்.
அதைப் பொறுத்தவர் ஊசியையும் பொறுப்பீர்கள் என்று தோன்றியது.

தற்போது வேறு யாரிடமும் பிரதி இல்லை.
மூன்று மாதம் காத்திருப்பேன்.
நான்காவது மாதம் கேட்பேன், ஒரே ஒருமுறை.

இன்று படகு கிடையாது. காற்று.
அதனால் இன்னொரு தடவை வாசித்தேன்.
என் கடிதங்களும்
கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான்.
முதலாவது நான்கு பக்கம்.
இதில் மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டு
நாளை அனுப்பப்போவது இவ்வளவே:

இரண்டு சகோதரிகள், ஒரு தையல் இயந்திரம்.
நாவல். இருநூற்று அறுபத்தொரு பக்கம்.
எல்லாவற்றுக்கும் எண் இட்டிருக்கிறேன்.
ஒன்று என்பது
முன்பு நாற்பது.

இப்படிக்கு,
எர்மிண்டா ஓயார்சூன்,
எடைப் பிரிவு, இரவுப் பணி.